கணினிக்குள் நுழைந்த வேலியும் குழியும்

2019 மார்ச் மாதம் யூனிகோடு 12.0 பதிப்பு வெளியானபோது அதில் தமிழுக்கென்று 51 புதிய குறிகள் சேர்ந்தன. காவிரிப் படுகையில் பிறந்த யாரும் அந்தப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். நெல், செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு, குழி, வேலி, நன்செய், புன்செய், உப்பளம், காசு, பணம், பொன், வராகன், இவற்றோடு முந்திரி, காணி, மா, வீசம் என்று ஒரு பின்ன வரிசை. நம் கணக்குப்பிள்ளைகள் ஓலையிலும் தாளிலும் தலைமுறை தலைமுறையாக எழுதிவந்த சுருக்கக் குறிகள் இவை. அவற்றிலும் வேலியும் குழியும் சோழ நாட்டு வயலை அளந்த அளவுகள். 2019 வரை இந்தக் குறிகளில் ஒன்றைக்கூடக் கணினியில் எழுத்தாகப் பதிய முடியாது. படம் எடுத்து ஒட்டலாம், அவ்வளவுதான்.

இணையத்தில் யாருடைய அறிவு இருக்கிறது, யாருடையது வெளியே நிற்கிறது என்ற கேள்வி இன்று உலகம் முழுக்க எழுந்திருக்கிறது. 2018 ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், இணையத்தைக் காலனியப் பிடியிலிருந்து மீட்பது என்பதையே தலைப்பாக வைத்து ஒரு மாநாடு நடந்தது. 'யாருடைய அறிவு?' என்ற கேள்வியையே பெயராகக் கொண்ட அமைப்பு அதைக் கூட்டியது. அனசூயா சென்குப்தா அதை நிறுவியவர்களில் ஒருவர். இந்தக் கேள்வியைத் தஞ்சாவூரில் நின்று கேட்டால், தமிழில் இன்னும் கொஞ்சம் பக்கங்கள் எழுதிச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று சொல்ல முடியாது. எழுத்துக்குக் கணினி தரும் எண், எதைச் சான்றாக ஏற்பது என்ற விதி, தரவுகளை நிரப்பும் படிவம், அறிவின் மேல் இருக்கும் உரிமை ஆகிய நான்கிலும் யார் உள்ளே, யார் வெளியே என்று முன்னரே முடிவாகியிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எண் இருந்தால்தான் எழுத்து

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 'அ' என்று நாம் தட்டினால் அது 2949 என்று சேமித்துக்கொள்ளும். உலக எழுத்துகளுக்கெல்லாம் இப்படிப் பொதுவான எண்களை ஒதுக்கும் தரம்தான் யூனிகோடு. எண் கிடைக்காத குறி கணினியைப் பொறுத்தவரை எழுத்தே ஆகாது.

தமிழ் 1991-ல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றது. ஆனால் எந்தத் தமிழ்? இந்திய அரசு வகுத்திருந்த 'இஸ்கி' என்ற தரத்தை அப்படியே பின்பற்றி, எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே அச்சில் வார்த்தார்கள். பள்ளிப் பாடநூலிலும் தட்டச்சிலும் இருந்த உயிரும் மெய்யும் வந்தன. கிராமக் கணக்கில் இருந்தவை வரவில்லை. 2003-ல் நாள் (௳), மாதம் (௴), வருடம் (௵), பற்று (௶), வரவு (௷), மேற்படி (௸), ரூபாய் (௹), எண் (௺) என்ற எட்டுக் குறிகள் மட்டும் உள்ளே வந்தன. மற்றவை 2019 வரை காத்திருந்தன.

ஒரு குறிக்கு எண் வாங்குவது எளிதல்ல. அது எந்தச் சுவடியில், எந்த ஆவணத்தில் வருகிறது, வடிவம் என்ன, பொருள் என்ன, வேறு எழுத்தோடு குழம்புமா என்று மாதிரிகளோடு விளக்கி முன்மொழிய வேண்டும். இந்தக் குறிகளுக்கு ஸ்ரீரமண சர்மா அப்படிப்பட்ட முன்மொழிவுகளை எழுதினார். அவை பல ஆண்டுகள் ஆய்வுக்கும் விவாதத்துக்கும் உள்ளாயின. இறுதிப் பட்டியலில் அரைக்கும் 1/16 ஆன மாகாணிக்கும் இரண்டிரண்டு வடிவங்கள் இருப்பதைக் காணலாம். ஊருக்கு ஊர் எழுதும் கை வேறு. இரண்டையும் காக்க வேண்டும் என்ற முடிவின் விளைவு அது.

தஞ்சாவூருக்கு இது ஓர் எழுத்தோடு முடியும் கதையும் அல்ல. நாயக்கர் காலத்தில் வேர்கொண்டு, மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசியின் (1798–1832) ஆட்சியில் செழித்து, 1918-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட சரசுவதி மகால் நூலகத்தில் தமிழ், கிரந்தம், தெலுங்கு, தேவநாகரி என்று பல எழுத்துச் சுவடிகள் இருக்கின்றன. மராட்டிய அரசவையின் அன்றாடக் கணக்குகளோ மோடி என்ற விரைவெழுத்தில் உள்ளன. 1981-ல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் அந்த மோடி ஆவணங்களைத் தமிழாக்கி நூல்களாக வெளியிட்டது. ஆனால் மோடிக்கும் கிரந்தத்துக்கும் யூனிகோடில் இடம் கிடைத்தது 2014-ல்தான். அதுவரை இந்த ஊரின் ஆவணங்களை அவற்றின் சொந்த எழுத்தில் கணினியில் பதிய உலகப் பொதுவான வழி இல்லை.

முக்காலே மூணு வீசம்

அந்தக் குறிகளுக்குள் இருக்கும் கணக்கைப் பார்த்தால் எதை வெளியே நிறுத்தியிருந்தோம் என்று புரியும்.

பன்னிரண்டு அடிக் கோலால் நீளமும் அகலமும் அளந்தால் ஒரு குழி. அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. 14,400 சதுர அடி, ஏறத்தாழ 33 சென்ட். இருபது மா ஒரு வேலி. 2,88,000 சதுர அடி, ஏறத்தாழ 6.6 ஏக்கர். இதே 'மா' எண் வரிசையில் 1/20. வேலியில் இருபதில் ஒரு பங்கு மா என்பதால் நில அளவும் பின்னமும் ஒரே பெயரில் நிற்கின்றன. மாவில் காற்பங்கு காணி, 1/80. காணியில் பாதி அரைக்காணி, 1/160. அதில் பாதி முந்திரி, 1/320. அதற்கும் கீழே போக வேண்டுமானால் 'கீழ்' என்ற குறியைச் சேர்த்தால் போதும். எல்லாம் மறுபடி 320 மடங்கு சிறுத்துவிடும். அந்தக் 'கீழ்' குறிக்கும் இப்போது எண் உண்டு.

ஒரு நிலத்தின் அளவு முக்காலே மும்மா முக்காணி வேலி என்று இருந்தால், 3/4, 3/20, 3/80 ஆகிய மூன்றையும் கூட்டி 75/80 வேலி என்று கணக்குப்பிள்ளை மனத்திலேயே சொல்லிவிடுவார். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு இது அன்றாடப் பயிற்சி. இன்றும் 'முக்காலே மூணு வீசம்' என்று பேச்சில் சொல்கிறோமே, அது 3/4-ம் 3/16-ம் சேர்ந்த 15/16.

முகத்தலளவையும் இப்படித்தான். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நான்கு உழக்கு ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் காலத்து நெல் 'ஆடவல்லான்' என்ற மரக்காலால் அளக்கப்படுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் ஏக்கரும் சென்ட்டும் வந்தன. 1956 சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் அளவைகள் வந்தன. பொது அளவை தேவை, அதில் மறுப்பில்லை. ஆனால் படுகையில் அறுவடை நேரத்தில் இன்றும் கேட்கும் கேள்வி 'மாவுக்கு எத்தனை மூட்டை கண்டுது?' என்பதுதான். வயலில் இன்றும் புழங்கும் ஓர் அளவு கணினியில் எழுத முடியாததாக இவ்வளவு காலம் இருந்தது.

எண்ணிலிருந்து செயற்கை நுண்ணறிவு வரை

ஒரு குறிக்கு எண் கிடைப்பது முதல் படி மட்டுமே. எழுத்துரு வேண்டும், விசைப்பலகை வேண்டும், படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்து உரையாக்கும் எழுத்துணரி வேண்டும், உரையான பிறகே தேடுபொறி கண்டுபிடிக்கும், தேடக்கூடிய உரைகளைக் கொண்டுதான் செயற்கை நுண்ணறிவு மொழிமாதிரிகள் கற்கின்றன. இவற்றில் ஒரு படி விட்டுப்போனால் அதற்கு மேலே எதுவும் இல்லை.

ஓலைச்சுவடியை எழுத்துணரிக்குக் கொடுத்தால் என்ன நடக்கும்? பழைய சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது; எகரமா ஏகாரமா என்று வேறுபாடு தெரியாது; ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும். பயிற்சி பெற்ற சுவடியியலாளர் சூழலை வைத்து இதைப் படிப்பார். அச்சு நூல்களில் பழகிய எழுத்துணரி தடுமாறும். இடையில் ஒரு வேலிக் குறியோ பதக்குக் குறியோ வந்தால், அதை ஏதோ ஓர் உயிர்மெய்யாகத் தவறாகப் படித்துவிடும். பிறகு அந்த ஆவணம் இணையத்தில் இருந்தும் தேடலில் அகப்படாது.

சேமிப்பின் கணக்கிலும் தமிழுக்கு ஒரு சுமை உண்டு. பரவலாகப் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழுக்கு மூன்று வேண்டும். 'நெல்' என்ற சொல் கணினிக்கு நான்கு குறியெண்கள்: 2984, 3014, 2994, 3021. ஆக 12 பைட்டு. 'ரைஸ்' என்பதற்கு ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, 4 பைட்டு. வட்டுகள் மலிந்துவிட்ட காலத்தில் இது பெரிய செலவில்லை. ஆனால் மொழிமாதிரிகள் உரையை டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றன. எந்த வெட்டு சிக்கனம் என்பதை, எந்த மொழி உரை மிகுதியாகக் கிடைத்ததோ அதை வைத்தே அவை கற்கின்றன. ஆங்கிலச் சொல் ஒரே துண்டாக நிற்க, அதே பொருளுள்ள தமிழ்ச் சொல் பல துண்டுகளாகச் சிதறும். துண்டு பெருகினால் செலவு பெருகும், ஒரே நேரத்தில் படிக்கும் அளவு சுருங்கும். இப்போது எண் 73,685 பெற்றிருக்கும் நெல் குறியோ ஒற்றை எழுத்து, 4 பைட்டு. நம் முன்னோர் கண்ட சுருக்கெழுத்தின் சிக்கனம் அது.

அச்சில் ஏறியவர், ஏறாதவர்

அடுத்த தடை சான்று. விக்கிப்பீடியாவில் ஒரு செய்தியை எழுத வேண்டுமானால் அச்சாகி வெளிவந்த நம்பகமான ஆதாரம் காட்ட வேண்டும். பொய்யைத் தடுக்க இது நல்ல விதி. ஆனால் தஞ்சை மாவட்டத்தைப் பற்றி நெடுங்காலம் ஆதாரமாகப் புழங்கியவை எவை? 1883-ல் டி. வெங்கசாமி ராவ் தொகுத்த மாவட்டக் கையேடு, 1906-ல் எஃப். ஆர். ஹெமிங்வே எழுதிய கெசட்டியர். வரி வாங்கும் அரசு தனக்கு வேண்டியதைத் தெரிந்துகொள்ள எழுதிய நூல்கள் அவை. அவற்றில் உழைப்பும் திறனும் கொண்ட செய்திகள் நிறைய உண்டு. கேள்வி கேட்டவர் யார் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கல்லணையை எடுத்துக்கொள்வோம். ஆற்று மணலுக்கு அடியில் பாறை கிடைக்காத இடத்தில் அடித்தளம் போடுவது பொறியியலில் பெரிய சிக்கல். ஓடும் நீர் மணலை அரித்து அணையைக் கவிழ்த்துவிடும். கல்லணை கட்டியவர்கள் பெருங்கற்களை மணலில் இறக்கினார்கள். கல் அமிழும், அதன்மேல் இன்னொரு கல். அமிழ்ந்து அமிழ்ந்து ஓர் ஆழத்தில் அது நிலைகொண்டுவிடும். அதன் மேல் அணை எழும். 1830-களில் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் கட்டிய ஆர்தர் காட்டன், ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்நாட்டின் பழைய கட்டுமானங்களிலிருந்தே கற்றோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பிறகு அவர் கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டினார். கரிகாலன் பெயரும் காட்டன் பெயரும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. கல் இறக்கியவர்கள், ஆண்டுதோறும் குடிமராமத்தில் கரையைக் கட்டிக் காத்தவர்கள் யாரும் அங்கே இல்லை.

இதற்குக் காலனிய ஆட்சியை மட்டும் காரணம் காட்டி நாம் தப்பிக்க முடியாது. பெரிய கோயில் கல்வெட்டில் கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது மனையில் குடியிருந்தார்கள் என்பதும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒருவருக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்கு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓர் ஆவணத்தில் இவ்வளவு பெண்களின் பெயர் நிற்பது பெரிய செல்வம். அந்த நெல்லை விளைவித்தவர்கள்? அதே கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற குடியிருப்புகள் வரி விலக்கிய நிலப் பட்டியலில் வருகின்றன. நிலம் எவ்வளவு என்று முந்திரிக் கணக்குவரை இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர் பெயர் இல்லை. கணக்குப்பிள்ளையின் ஏட்டிலும் மிராசுதாரரின் பெயர் இருக்கும், நிலவாரம் எத்தனை கலம் என்று இருக்கும். நட்டவர், அறுத்தவர் பெயர் இருக்காது. காலனிய ஏடு இந்த ஏட்டின் மேல் எழுதப்பட்டது. இணையம் அந்தக் காலனிய ஏட்டின் மேல் எழுதப்படுகிறது. அடியில் இருந்த விடுபடல் மூன்று அடுக்குகளையும் தாண்டி இன்றுவரை தொடர்கிறது.

அவர்களுக்கு என்ன தெரியும்? நாற்றங்காலில் நாற்று எந்தப் பதத்தில் பறிக்க வேண்டும், சேறு எத்தனை நாள் ஆறியிருக்க வேண்டும், குத்துக்கு எத்தனை நாற்று, மாவுக்கு எத்தனை முடி என்று நடவுப் பெண்கள் சேற்றில் கை வைத்ததும் சொல்வார்கள். எலி பிடிப்பவர்கள் மூங்கில் பத்தையை வில்லாக வளைத்துக் கயிறு கட்டி எலிக்கிட்டி செய்கிறார்கள். இரையை இழுத்ததும் வில் விடுபட்டு எலியை இறுக்கிப் பிடித்துவிடும். மருந்து இல்லை, நஞ்சு இல்லை. வேளாண்மை நூல்களிலேயே இது தஞ்சாவூர் வில்பொறி என்று ஊர்ப் பெயரோடு பரிந்துரைக்கப்படுகிறது. அதைச் செய்யும் கைகளின் விவரம்தான் அங்கே இருப்பதில்லை.

இதற்கு ஒரு வழியை 2011-ல் அச்சல் பிரபலா என்ற ஆய்வாளர் முன்வைத்தார். அச்சில் இல்லாத அறிவைத் தெரிந்தவர்களிடம் நேரில் கேட்டு, ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவைப் பொதுவில் வைத்து, விக்கிப்பீடியா கட்டுரைக்கு அதையே ஆதாரமாகக் காட்டலாம் என்பது அவர் முயற்சி. மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபேடி ஆகிய மொழிகளில் செய்து பார்த்தார்கள். ஒருவர் சொன்னதை எப்படிச் சரிபார்ப்பது என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கும் விடை உண்டு: ஒரே செய்தியைப் பல ஊர்களில் பலரிடம் கேட்டு, யார், எங்கே, எப்போது சொன்னார் என்று பதிந்து, ஒத்துப்போவதையும் வேறுபடுவதையும் இரண்டையும் காட்டுவது. மொழியியலாளரும் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளரும் நெடுநாளாகச் செய்துவரும் முறை இது. கலைக்களஞ்சியங்களும் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

விதைக்கு ஒரு கடவுச்சீட்டு

மூன்றாவது, படிவம். உலக விதை வங்கிகளில் சேரும் ஒவ்வொரு விதைக்கும் கடவுச்சீட்டுத் தரவு என்ற ஒன்று எழுதப்படுகிறது. பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வங்கியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெல் விதை மாதிரிகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட வங்கிகள் தரவைப் பகிர ஒரு பொதுப் படிவம் உண்டு. அதில் சேகரித்த நிறுவனத்துக்குக் குறியீடு, சேகரித்த தேதி, இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம் எல்லாம் கேட்கப்படும். எங்கிருந்து பெறப்பட்டது என்ற கட்டத்துக்கு ஓர் எண் போட வேண்டும்: வயலென்றால் 21, உழவர் களஞ்சியமென்றால் 26, நெல்லடிக்கும் களமென்றால் 27. அந்தக் களத்தில் விதையை அள்ளிக் கொடுத்தவர் அதைப் பற்றி என்ன சொன்னார் என்று எழுதத் தனிக் கட்டம் கிடையாது. கடைசியில் குறிப்புகள் என்ற கட்டத்தில் யாராவது மனம்வைத்து எழுதினால் உண்டு.

இழப்பு எவ்வளவு என்பதற்கு நம் நெல்லே சாட்சி. குழியடிச்சான் நாகப்பட்டினக் கடலோர உவர் நிலத்தைத் தாங்கி வளரும். காட்டுயானம் ஏறத்தாழ ஆறு மாதப் பயிர். மரபணு வரிசையைப் படித்தால் உவரைத் தாங்கும் மரபணுவைத் தேடலாம். 2014-ல் மூவாயிரம் நெல் வகைகளின் மரபணுத் தொகுதிகள் பொதுவில் வெளியிடப்பட்டன. ஆனால் எந்த மண்ணில், எந்தப் பட்டத்தில், எத்தனை நாள் தண்ணீர் கட்டி, எப்போது வடிக்க வேண்டும் என்பதை மரபணு சொல்லாது. விளைவித்தவர் சொல்ல வேண்டும்.

திருத்துறைப்பூண்டி அருகே கட்டிமேடு 'நெல்' ஜெயராமன் (மறைவு 2018) இதை நன்றாக அறிந்திருந்தார். இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வாரின் வழியில் வந்த அவர் 174 மரபு நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தார். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் உழவர் ஒருவருக்கு இரண்டு கிலோ விதை தருவார்கள்; அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விதை பெருகும்; அதோடு அந்த விதையை வளர்த்த அனுபவமும் திருவிழாவுக்கு வந்து சேரும். குளிர்பதன அறையில் இருக்கும் விதைக்கு முகவரி மட்டுமே இருக்கிறது. ஆதிரெங்கத்தில் கைமாறிய விதைக்குப் பேச்சும் கூடவே வந்தது. இணையத்தின் தரவுப் படிவங்கள் அந்தப் பேச்சுக்கும் இடம் தர வேண்டும்.

திறப்பதும் காப்பதும்

நான்காவது, உரிமை. எல்லாவற்றையும் இணையத்தில் திறந்து வைத்துவிட்டால் போதுமா? மஞ்சள் வழக்கை நினைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் காயம் ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை தரப்பட்டது. இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வழக்காடி 1997-ல் அதை நீக்க வைத்தது. வழக்கை வென்றது அச்சேறிய நூல் சான்று. அந்நாளைய அமெரிக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டு மக்களின் வாய்வழி அறிவு, அச்சாகாதவரை, சான்றாக எண்ணப்படாது. 2013-ல்தான் அந்தச் சட்டம் மாறியது. அதாவது, நூறு ஊர்ப் பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தாலும் ஒரு தாளில் இல்லாவிட்டால் அது யாருக்கும் தெரியாததாகவே எண்ணப்பட்டது. இந்த அனுபவத்துக்குப் பிறகு 2001-ல் மரபு அறிவு மின்னூலகத்தை இந்தியா தொடங்கியது. சித்த மருத்துவக் குறிப்புகளும் அதில் ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், இசுப்பானியம், சப்பானியம் ஆகிய மொழிகளில் காப்புரிமை ஆய்வாளர்கள் பார்க்கும் வகையில் தொகுக்கப்பட்டன.

பதியாமல் விட்டால் அடுத்தவர் உரிமை கொண்டாடுவார். முழுக்கத் திறந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பணமாக்குவார். இந்த இக்கட்டுக்கு உலகின் தொல்குடி மக்கள் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான 'முக்குர்ட்டு' என்ற ஆவண மென்பொருளில், எந்தப் பதிவை ஊர் முழுக்கப் பார்க்கலாம், எதை ஒரு குடும்பம் மட்டும் பார்க்கலாம், எதை உலகுக்குத் திறக்கலாம் என்று சமூகமே முடிவு செய்யும். 2019-ல் தொல்குடித் தரவுகளுக்கென வகுக்கப்பட்ட நெறிகளும் கூட்டு நன்மை, கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறம் என்ற நான்கையே அடிப்படையாகச் சொல்கின்றன. காவிரிப் படுகைக்கும் இவை பொருந்தும். நடவுப் பெண்ணின் குரலைப் பதிகிறவர் அது எங்கே போகும், யார் கேட்பார், எந்திரத்துக்குப் பயிற்சிக்குப் போகுமா என்று அவருக்குப் புரியும்படி சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். பெயர் போடலாமா, வேண்டாமா என்பது அவர் முடிவு. பின்னால் வேண்டாம் என்றாலும் எடுத்துவிட வழி இருக்க வேண்டும்.

தமிழர் போட்ட வாய்க்கால்

இந்த வேலைக்கு நமக்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னெடுத்த மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தரத் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் பிறந்தது. அதைக் கட்டியெழுப்பியதில் ஈழத்தவரான இ. மயூரநாதனின் பங்கு முதன்மையானது. 2017-ல் அது ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த வடுவைச் சுமந்த மண்ணிலிருந்து 2005-ல் நூலகம் திட்டம் எழுந்தது. நாட்டுடைமையான நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் பொதுவில் தர, ஆயிரக்கணக்கான நூல்கள் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்தன. இவ்வளவும் பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பு.

இருந்தும் வாய்க்கால் இன்னும் தலைமடைப் பக்கமே பாய்கிறது: நூலில் இருந்தது இணையத்துக்கு வந்திருக்கிறது, நூலுக்கே வராதது வயலிலேயே நிற்கிறது. கடைமடை வரை கொண்டுபோகத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளால் முடியும். வரைபடத்திலிருந்து தொடங்கலாம். வெண்ணாறும் வெட்டாறும் குடமுருட்டியும் அரசலாறும் எல்லா வரைபடத்திலும் உண்டு. ஊருக்குள் பிரியும் கன்னி வாய்க்கால், வடிகால், மதகு ஆகியவற்றின் பெயர்கள் பெரும்பாலும் ஊரார் வாயில் மட்டுமே இருக்கின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் யாரும் வாய்க்கால் வரையலாம், தமிழிலேயே பெயர் இடலாம். வெள்ளக் காலத்தில் எந்த வடிகால் அடைபட்டது என்று அதிகாரிக்குச் சொல்லவும் அந்தப் பெயர் உதவும்.

அடுத்து, குரல். தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் எந்திரங்கள் எந்தக் குரலைக் கேட்டுப் பழகுகின்றனவோ அந்தக் குரலையே நன்றாகப் புரிந்துகொள்ளும். மோசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழ் உண்டு, சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழுவும் இந்திய மொழிக் குரல்களைத் தொகுக்கிறது. படுகையின் பேச்சு அவற்றில் சேராவிட்டால், நாளை தலைஞாயிறு ஊரில் ஒரு விவசாயத் தொழிலாளி தன் பேச்சில் கேட்கும் கேள்வி எந்திரத்துக்கு விளங்காது. மூன்றாவது, சுவடிகளும் நிலக் கணக்குகளும். புதிய குறிகளை வைத்து எழுத்துணரியைப் பழக்க, சுவடி படிக்கத் தெரிந்தவர்கள் சரிபார்த்த மாதிரிப் பக்கங்கள் வேண்டும். தமிழ்ப் பல்கலைக்கழகமும் சரசுவதி மகாலும் இருக்கும் ஊர் அதை முன்னின்று செய்ய வேண்டும்.

சம்பாவும் தாளடியும் அறுத்து முடிந்த பின் மாசி, பங்குனியில் வயலில் வேலை குறையும். வகுப்பறையை விட்டு மாணவர்கள் வயலோரத்துக்குப் போக அது நல்ல காலம். ஓர் ஊர், ஒரு வாய்க்கால், ஒரு நெல் வகை, அதைப் பற்றிச் சொல்ல முன்வரும் மூன்று பேர் என்று தொடங்கினால் போதும். செல்பேசியே ஒலிப்பதிவுக் கருவி. நட்டும் அறுத்தும் வாழ்நாளைக் கழித்தவர்களில் எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைத் தகவல் தருபவர் என்று ஓரத்தில் குறிக்காமல், அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையிலேயே, அவர்கள் விரும்பினால், பெயர் போட்டு எழுத வேண்டும்.